குண்டு போட்ட ஊருக்குப் பைபிளோடு போனார்!

1941-ம் ஆண்டு, டிசம்பர் மாதம் 7-ந் தேதி.

அமெரிக்க ராணுவ முகாம் ஒன்றில் ஒரு சிப்பாய் உருளைக்கிழங்கு தோல் சீவிக் கொண்டிருந்தார். அப்போது ஒரு செய்தி வந்தது. ஹவாய் தீவில் உள்ள பேர்ல் துறைமுகத்தை ஜப்பான் விமானங்கள் தாக்கிவிட்டன!

சிப்பாயின் ரத்தம் கொதித்தது. கையில் இருந்த உருளைக்கிழங்கை ஓங்கிச் சுவரில் எறிந்தார். இதற்கு ஜப்பான் பதில் சொல்லியே தீரவேண்டும் என்று கத்தினார்.

அவர் பெயர் ஜேக்கப் டிஷேசர். ஓரிகன் மாநிலத்துக்காரர். அவர் வளர்ந்த ஊரின் பெயரைக் கேட்டால் நமக்கு வியப்பாக இருக்கும். அந்த ஊருக்கும் "மதராஸ்" என்றுதான் பெயர்!

அன்று பேர்ல் துறைமுகத்தின் மேல் பறந்த விமானங்களுக்குத் தலைமை தாங்கி வந்தவர் மிட்சுவோ புச்சிடா என்ற ஜப்பானியத் தளபதி. அந்தத் தாக்குதலில் அமெரிக்கர் 2,400 பேருக்கு மேல் மாண்டார்கள்.

சிப்பாய்க்குத் தளபதியைத் தெரியாது. தளபதிக்குச் சிப்பாயைத் தெரியாது. இந்த இருவரும் பிற்காலத்தில் நண்பர்கள் ஆனார்கள். அது எப்படி நடந்தது?

பழிக்குப் பழி

நான்கு மாதம் கழிந்தது. ஜப்பான் மீது குண்டு வீச ரகசியமாக ஒரு படை தயார் ஆயிற்று. டூலிட்டில் என்பவர் அதன் தலைவர். டிஷேசரும் அதில் சேர்ந்தார். 1942 ஏப்ரல் 18-ந் தேதி "ஹார்னட்" என்ற கப்பலில் இருந்து 16 விமானங்கள் கிளம்பின. மொத்தம் 80 பேர். கடைசி விமானத்தில் குண்டு போடும் வேலை டிஷேசருக்கு. நகோயா என்ற நகரத்தின் மேல் நெருப்புக் குண்டுகளை வீசினார்.

பழி தீர்ந்தது. ஆனால் பெட்ரோலும் தீர்ந்தது! சீனாவின் மேல் பறக்கும்போது விமானத்தை விட்டு எல்லோரும் பாராசூட்டில் குதித்தார்கள். இறங்கிய இடம் ஜப்பானியர் வசம் இருந்த பகுதி. டிஷேசர் பிடிபட்டார்.

இரு விமானங்களைச் சேர்ந்த எட்டுப் பேர் இப்படிக் கைதி ஆனார்கள். மூன்று பேரை 1942 அக்டோபரில் சுட்டுக் கொன்றார்கள். மற்ற ஐந்து பேருக்கு ஆயுள் தண்டனை. அவர்களிலும் ஒருவர் பட்டினியாலும் நோயாலும் 1943 டிசம்பரில் இறந்துபோனார்.

டிஷேசர் கைதியாக இருந்தது 40 மாதம். அதில் 34 மாதம் தனிக்கொட்டடி. பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. அடியும் உதையும் உண்டு. ஜப்பானியர் என்றாலே அவருக்கு வெறுப்பு. அந்த வெறுப்பு தன்னையே பைத்தியமாக்கி விடும்போல் இருந்தது என்று பின்னாளில் அவரே சொன்னார்.

மூன்று வாரம்

தோழர் இறந்த பிறகு சிறையில் கெடுபிடி கொஞ்சம் தளர்ந்தது. கைதிகள் படிக்க ஒரு பைபிள் கிடைத்தது. கைக்குக் கை மாறி, 1944 மே மாதத்தில் டிஷேசரிடம் வந்தது. மூன்று வாரம்தான் வைத்திருக்கலாம்!

கொட்டடிச் சுவரில் உயரத்தில் ஒரு சிறு திறப்பு. அதன் வழியே வரும் மங்கிய வெளிச்சத்தில் ஆவலோடு படித்தார். சில பகுதிகளை மனப்பாடமே செய்துகொண்டார். தம்மைச் சிலுவையில் அறைந்தவர்களுக்காக ஏசுநாதர் பிதாவிடம் மன்னிப்புக் கேட்கும் இடம் வந்தது. அது அவர் மனதைத் தைத்தது. ஜூன் மாதம் 8-ந் தேதி, அந்தக் கொட்டடியிலேயே ஏசுவை ஏற்றுக்கொண்டார்.

இதன் பிறகு சிறைக் கதவு திறந்து கொள்ளவில்லை. சோறும் கூடிவிடவில்லை. இன்னும் 14 மாதம் அவர் அங்கேதான் கிடந்தார். மனதில் சமாதானம் வந்துவிட்டதாக யாரும் சொல்லிக் கொள்ளலாம். அது உண்மைதானா என்று மறுநாள் தெரிந்துவிடும். டிஷேசருக்கும் தெரிந்தது.

ஒருநாள் ஒரு காவலாளி அவரைக் கொட்டடிக்குள் தள்ளினான். கதவை வேகமாகச் சாத்தினான். டிஷேசரின் வெறுங்கால் கதவு இடுக்கில் சிக்கிக் கொண்டது. காவலாளி கதவை விடவில்லை. ஆணி அடித்த பூட்சால் அந்தக் காலை உதைத்தான். எப்படியோ காலை இழுத்துக்கொண்டார். வலி உயிர் போயிற்று. ஆத்திரம் பொங்கியது. பகைவரிடம் அன்பு காட்டச் சொல்லி அந்தப் புத்தகத்தில் இருந்ததே! அது இவனுக்கும் சேர்த்துத்தானா?

மறுநாள் காலை அதே காவலாளி வந்தான். டிஷேசர் அவனைப் பார்த்து, ஜப்பான் மொழியில், மரியாதையாக "காலை வணக்கம்" என்றார். காவலாளி விழித்தான். கைதிக்கு மூளை கலங்கிவிட்டது என்றுகூட நினைத்திருப்பான். டிஷேசர் விடவில்லை. தினமும் வணக்கம் சொன்னார். வீட்டைப் பற்றி விசாரித்தார். சில நாளில் அவன் முகம் மாறியது. உதைப்பது நின்றது. ஒருநாள், அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஒன்றைக் கொண்டுவந்து உள்ளே நீட்டினான்!

தளபதியின் கேள்வி

1945 ஆகஸ்டில் டிஷேசர் விடுதலை ஆனார். ஊருக்குப் போனார். கல்லூரியில் படித்தார். திருமணம் செய்துகொண்டார். 1948 டிசம்பரில் மனைவியுடன் மறுபடி ஜப்பானுக்குக் கப்பல் ஏறினார். இந்தத் தடவை கையில் பைபிள். தம் சிறைக் கதையை அவர் எழுத, அது துண்டுப் பிரசுரமாக அச்சாகி ஜப்பான் எங்கும் பரவியது.

தளபதி புச்சிடா என்ன ஆனார்? யுத்தம் முடிந்ததும் படை கலைந்தது. தோற்ற நாட்டின் தளபதியை யார் மதிப்பார்கள்? அவர் மண்வெட்டி பிடித்து விவசாயம் பார்த்தார். மனதில் கசப்பு.

அமெரிக்காவில் கைதியாய் இருந்து திரும்பிய பழைய தோழர் ஒருவர், பெக்கி கோவல் என்ற பெண்ணைப் பற்றி அவரிடம் சொன்னார். காயம்பட்ட ஜப்பானியக் கைதிகளுக்கு ராப்பகலாகப் பணிவிடை செய்த பெண் அவள். அவளுடைய தாயும் தந்தையும் பாதிரிமார்கள். 1943-ல் பிலிப்பைன்சில் அவர்களைக் கொன்றவர்கள் ஜப்பானியச் சிப்பாய்கள்!

புச்சிடாவுக்கு இது விளங்கவே இல்லை. பெற்றோரைக் கொன்றவர்களைப் பழிவாங்குவது பிள்ளையின் கடமை என்று கேட்டு வளர்ந்தவர் அவர். பெற்றவர்களைக் கொன்ற நாட்டாருக்குக் கஞ்சி ஊட்டுவதா?

இந்தக் கேள்வியோடு இருந்தபோது, டோக்கியோவில் சிபுயா ரெயில் நிலையத்தில் யாரோ ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்தார்கள். அது டிஷேசரின் கதை! பிறகு ஒரு பைபிள் வாங்கினார். டிஷேசர் நின்ற அதே இடத்தில் அவரும் நின்றார். சிலுவையில் ஏசுநாதர் மன்னிப்புக் கேட்கும் இடம்தான் அது. பெற்றவர்களைக் கொன்றவர்களுக்கு அந்தப் பெண் ஏன் பணிவிடை செய்தாள் என்று அப்போது புரிந்தது என்றார்.

புச்சிடா யுத்தத்தைப் பற்றி எழுதியதில் சிலவற்றைச் சரித்திர ஆசிரியர்கள் பிற்காலத்தில் மறுத்தார்கள். அது உண்மை. ஆனால் அவர் மதம் மாறியதற்காகப் பழைய தோழர்கள் சிலர் அவரைத் துரோகி என்று ஏசினார்கள். அவர் அதற்குப் பின்வாங்கவில்லை. 1976-ல் இறக்கும்வரை ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்தார். அமெரிக்காவுக்கும் போனார்.

இருவரும் முதன்முதலில் சந்தித்தது 1950 மே மாதம். டிஷேசரைத் தேடிக்கொண்டு புச்சிடாவே வந்தார். பழைய சிப்பாய் பழைய தளபதியை வரவேற்றார்.

டிஷேசர் ஏறக்குறைய 30 ஆண்டுகள் ஜப்பானில் ஊழியம் செய்தார். பின்பு சொந்த ஊர்ப்பக்கம் திரும்பி, 2008-ல் தமது 95-வது வயதில் காலமானார். ஜப்பானில் அவர் குடும்பத்தோடு குடியேறிச் சபை தொடங்கிய ஊர்களில் ஒன்று நகோயா. 1959-ம் ஆண்டில் அங்கே போனார். அன்று குண்டு வீசிய அதே நகரத்துக்கு, இந்தத் தடவை பைபிளோடு!