பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் உளவியல்: கொங்கு வளவுகளின் மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டியவை

2024 ஆகஸ்ட் 9 அன்று கோயம்புத்தூர் அரசு கலைக் கல்லூரியில் 'தமிழ்ப் புதல்வன்' திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. அரசுப் பள்ளிகளிலும், அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியிலும் படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டம் அது. மாணவியருக்கான 'புதுமைப் பெண்' 2022இலேயே வந்துவிட்டது. விழா நடந்த அதே கல்லூரியில் உளவியல் துறை ஒன்று இயங்குகிறது என்ற செய்தி, அன்னூர், அவிநாசிப் பக்கத்து அருந்ததியர் வளவுகளை எந்த அளவுக்குச் சென்றடைந்திருக்கிறது என்பது ஐயத்துக்குரியது.

நம் வீடுகளில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைக்குச் சொல்லப்படும் படிப்புகள் சிலவே: பொறியியல், செவிலியர் படிப்பு, பி.காம்., அதற்குப் பின் டி.என்.பி.எஸ்.சி. தேர்வு. பெரும்பாலான மேல்நிலைப் பள்ளிகளில் உளவியல் ஒரு பாடமாகவே இல்லை. ஆகவே அது மனநோயாளிகளைப் பார்க்கும் படிப்பு என்றோ, வசதியுள்ள நகரத்துப் பிள்ளைகளின் படிப்பு என்றோ ஒதுக்கப்படுகிறது. தலித் மாணவர்கள் இதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையாளரின் நிலைப்பாடு. ஆனால் இளநிலைப் பட்டத்தோடு தொழில் கைகூடிவிடும் என்று நம்பிச் சேர்ந்தால் ஏமாற்றமே மிஞ்சும். ஏணியின் கீழ்ப்படி அகலமானது, மேற்படிகள் குறுகலானவை. அண்மைக்காலச் சட்ட மாற்றங்கள் அவற்றை மேலும் குறுக்கியிருக்கின்றன.

முதலில் தேவையைப் பார்ப்போம். 2016 ஜனவரியில் ஐதராபாத்தில் ரோஹித் வெமுலாவையும், 2017 மார்ச்சில் தில்லியில் சேலத்து முத்துக்கிருஷ்ணனையும் இழந்தோம். இத்தகைய இழப்புகள் நேரும்போதெல்லாம் 'மன அழுத்தம்' என்ற ஒற்றைச் சொல்லில் செய்தி முடிக்கப்படுகிறது. அந்த அழுத்தத்தைத் தந்தது யார் என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது. ஆலோசனை அறையிலும் இதே சிக்கல் உண்டு. விடுதியில் உடன் தங்கியிருப்பவர் "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டதிலிருந்து உறக்கமில்லை என்று ஒரு மாணவர் சொல்லும்போது, அதைத் தாழ்வுணர்ச்சி என்று எழுதிக்கொண்டு மூச்சுப் பயிற்சி கற்றுத்தரும் ஆலோசகருக்கு நோயின் வேர் தெரியவில்லை என்றே பொருள். தன் வயதுப் பையனைச் 'சின்னக் கவுண்டரே' என்று அழைக்கப் பழக்கப்பட்ட ஊரிலிருந்து வந்தவருக்கு அது பாடநூல் இல்லாமலே தெரியும். அந்த அறிவுக்குப் பட்டமும் பதிவும் சேர வேண்டும் என்பதே இங்குள்ள கேள்வி.

இனி ஏணியைப் பார்ப்போம். பி.எஸ்சி. உளவியலில் சேரப் பெரும்பாலான கல்லூரிகளில் பன்னிரண்டாம் வகுப்பில் எந்தப் பாடப்பிரிவு எடுத்திருந்தாலும் போதும். நீட் தேவையில்லை. அரசுக் கல்லூரிகளுக்கு ஒரே இணையதளம் வழியாக விண்ணப்பிக்கலாம். மூன்றாண்டு முடித்தபின் பாரதியார் பல்கலைக்கழகம் உள்ளிட்ட இடங்களில் முதுநிலை படிக்கலாம். இதுவரை பாதை நேரானது.

குழப்பம் இதற்குப் பின்புதான். உளவியலில் முதுநிலை முடித்தவர் எல்லாரும் சட்டத்தின் பார்வையில் மருத்துவ உளவியலாளர் ஆகிவிடுவதில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் அப்பெயருக்குத் தகுதி வகுத்திருக்கிறது. இந்திய மறுவாழ்வு மன்றத்தின் (ஆர்.சி.ஐ.) ஒப்புதல் பெற்ற நிறுவனத்தில் மருத்துவ உளவியல் தகுதி பெற்றிருக்க வேண்டும், அல்லது முதுநிலைக்குப் பின், அம்மன்றம் ஒப்புதல் அளித்த ஈராண்டு முழுநேர எம்.ஃபில். முடித்திருக்க வேண்டும். மன்றத்தின் பதிவேட்டில் பெயரில்லாமல் மருத்துவ உளவியலாளராகத் தொழில் செய்வது 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம்.

எம்.ஃபில். பட்டத்தையே பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் நிறுத்திவிட்டது. மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப்பணிக்கும் மட்டும் 2025–26 கல்வியாண்டு வரை விலக்கு நீட்டிக்கப்பட்டது. அதன் இடத்தை நிரப்ப நான்காண்டு பி.எஸ்சி. மருத்துவ உளவியல் (ஆனர்ஸ்), ஈராண்டு எம்.ஏ. மருத்துவ உளவியல் ஆகிய புதிய படிப்புகளை மன்றம் கொண்டுவந்துள்ளது. பெயர்கள் ஏறத்தாழ ஒன்றுபோலிருப்பதால் மாணவர்கள் ஏமாறுவது எளிது. 'மருத்துவ உளவியல்' என்று விளம்பரப்படுத்தப்படும் எல்லாப் படிப்புகளுக்கும் மன்றத்தின் ஒப்புதல் இருப்பதில்லை. கட்டணம் செலுத்துவதற்கு முன், மன்றத்தின் இணையதளத்திலுள்ள ஒப்புதல் பட்டியலில் அந்தக் கல்லூரியும் அந்தப் படிப்பும் அந்தக் கல்வியாண்டும் இடம்பெற்றிருக்கின்றனவா என்று பார்த்துவிட வேண்டும். கல்லூரி அலுவலகத்தின் வாய்மொழி உறுதி போதாது.

நமக்கு நேரடியாக அடி விழுந்திருப்பது வேறோர் இடத்தில். பகலில் திருப்பூர் பனியன் நிறுவனத்திலோ நூற்பாலையிலோ வேலை பார்த்துக்கொண்டு தொலைநிலைக் கல்வியில் உளவியல் படித்துப் பட்டம் பெறுவது ஏழை மாணவர்களுக்குத் திறந்திருந்த வழி. 2025 ஜூலை–ஆகஸ்ட் பருவம் முதல் உளவியல் உள்ளிட்ட நலவாழ்வு சார்ந்த படிப்புகளைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாது என்று மானியக் குழு அறிவித்துவிட்டது. 2021இல் இயற்றப்பட்ட துணைமருத்துவ, நலவாழ்வுத் தொழில்கள் ஆணையச் சட்டத்தை அது காரணமாகக் காட்டியது. நேரடிப் பயிற்சி இல்லாமல் மனநல ஊழியரை உருவாக்க முடியாது என்னும் வாதத்தில் நியாயம் உண்டு. அப்படியானால் மாலைநேர வகுப்புகளையும் அரசுக் கல்லூரி இடங்களையும் அதே வேகத்தில் பெருக்கியிருக்க வேண்டும். கதவை அடைத்தவர்கள் சன்னலைக்கூடத் திறக்கவில்லை.

செலவைப் பொறுத்தவரை, பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 இலட்சம் ரூபாய்க்கு மிகாத பட்டியல் சாதி மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. மேலாண்மை ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடையாது. தனியார் கல்லூரி முகவர்கள் இதைச் சொல்வதில்லை. பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காட்டில் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீட்டை 2009ஆம் ஆண்டுச் சட்டம் வழங்குகிறது. சாதிச் சான்றிதழில் உட்பிரிவு சரியாகக் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். பெங்களூரு நிமான்ஸ் போன்ற மைய அரசு நிறுவனங்களில் இடஒதுக்கீடு உண்டு. ஆனால் அங்கு நுழைவுத்தேர்வும் பாடமும் ஆங்கிலத்தில்தான். தமிழ்வழியில் படித்தவர் இளநிலை முதலாண்டிலிருந்தே ஆங்கிலத்துக்கு நேரம் ஒதுக்குவது நல்லது.

மருத்துவ உளவியல் வரை போக இயலாதவருக்கு வேலையே இல்லை என்பதும் தவறு. முதுநிலைப் பட்டத்தோடு போதை மீட்பு மையங்கள், குழந்தைகள் பாதுகாப்பு அலகுகள், பாதிக்கப்பட்ட பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையங்கள், எச்.ஐ.வி. ஆலோசனை மையங்கள், பள்ளிகள் ஆகியவற்றில் ஆலோசகர் பணிக்கு முயலலாம். இவற்றில் பல ஒப்பந்தப் பணிகள்; ஊதியம் குறைவு. எம்.எஸ்.டபிள்யூ. படிப்பில் மருத்துவ, மனநலப் பிரிவை எடுப்பது மற்றொரு வழி. குடும்பம் உடனடியாக வருமானத்தை எதிர்பார்க்கும் நிலையில் அதுவே பொருத்தமாக அமையக்கூடும்.

அமெரிக்காவில் கறுப்பின மாணவியான மேமி கிளார்க், கணிதம் படிக்கச் சென்று உளவியலுக்கு மாறியவர். அவரும் கணவர் கென்னத் கிளார்க்கும் கறுப்பினக் குழந்தைகளிடம் வெள்ளைப் பொம்மையையும் கறுப்புப் பொம்மையையும் காட்டி, எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையையே சுட்டின. பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று 1954இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் அடிக்குறிப்பில் கென்னத்தின் ஆய்வு இடம்பெற்றது. தம் மக்களின் குழந்தைகளுக்கு மனநல உதவி கிடைக்காததைக் கண்டு, 1946இலேயே இருவரும் ஹார்லெமில் ஒரு மையத்தையும் தொடங்கியிருந்தார்கள்.

நாங்குநேரியில் 2023இல் பள்ளி மாணவர்மீது நடந்த சாதிவெறித் தாக்குதலுக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூன் 18 அன்று அறிக்கையை அளித்தது. பள்ளி நல அலுவலர் என்னும் பணியிடத்தை உருவாக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. இந்த ஆண்டு உளவியலில் சேரும் மாணவர் முதுநிலை முடிக்க ஐந்தாண்டுகள் ஆகும். அதற்குள் அப்பணியிடங்கள் உருவாக்கப்பட வேண்டும், இடஒதுக்கீட்டுடன் நிரந்தரப் பணிகளாக இருக்க வேண்டும் என்று நம் இயக்கங்கள் இப்போதே கோர வேண்டும். படிப்புக்கிடையே துவண்டுபோகும் மாணவர்கள் 14416 என்ற இலவச எண்ணை எந்த நேரத்திலும் அழைத்துப் பேசலாம்.