ஆபத்து வேளைக்கு ஒரு வாளி

2017ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் தேதி சனிக்கிழமை பினாங்கில் பெருமழையும் சூறைக்காற்றும் சேர்ந்து வந்தன. ஜார்ஜ் டவுனிலும், அக்கரையில் செபராங் பிறையிலும் இரவோடு இரவாக வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. 7 பேர் உயிரிழந்தனர். ஆயிரக்கணக்கானோர் துயர் துடைப்பு மையங்களில் தங்க நேர்ந்தது. அதற்கு முன், 2004 டிசம்பர் 26ஆம் தேதி வந்த ஆழிப்பேரலையில் மலேசியாவில் மாண்ட 68 பேரில் 52 பேர் பினாங்கு மாநிலத்தில் மாண்டவர்கள். ஆபத்து நாள் சொல்லிவிட்டு வருவதில்லை.

"முன்கூட்டியே பொருள் வாங்கி வைக்கத் தோட்டச் சம்பளத்தில் மிச்சம் எங்கே?" என்று தாய்மார்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, நம் மக்கள் 100 வெள்ளிப் பங்கை மாதம் 10 வெள்ளியாகக் கட்டித்தானே தோட்டங்களையே வாங்கினார்கள்? அதே வழி இதற்கும் போதும். ஒரே நாளில் எல்லாம் வேண்டாம். சம்பளத்துக்குச் சம்பளம் ஒன்றொன்றாகச் சேர்ப்போம்.

முதல் மாதம் பத்திரங்கள். இதற்குச் செலவு மிகக் குறைவு. பயனோ மிக அதிகம். அடையாளக் கார்டு, பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம், சேமநிதி, சொக்சோ தாள்கள், மருத்துவமனைக் கார்டு ஆகியவற்றுக்கு நகல் எடுப்போம். அசலையும் நகலையும் தனித்தனிப் பிளாஸ்டிக் பைகளில் இறுகக் கட்டுவோம். நகல் ஒன்று வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டில் இருக்கட்டும். பிறப்புப் பத்திரம் இல்லாததால் பள்ளிக்கும் குடியுரிமைக்கும் அலைந்த பிள்ளைகள் நம் சமுதாயத்தில் உண்டு. நனைந்த பாயை மறுபடி வாங்கலாம். தொலைந்த பத்திரத்துக்காக எத்தனை நாள் கூலியை இழப்பது?

இரண்டாம் மாதம் தண்ணீர். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் என்றால், ஐந்து பேருக்கு மூன்று நாளைக்கு 60 லிட்டர். காலிப் பான போத்தல்களை நன்றாகக் கழுவி, கொதித்து ஆறிய நீரை நிரப்பி மூடினால் போதும். மாதம் ஒருமுறை மாற்றுவோம். பழைய நீர் செடிகளுக்கு உதவும்.

மூன்றாம் மாதம் உணவு. அடுப்பில்லாமல் உண்ணக்கூடிய டின் சார்டின், பிஸ்கட், அவல் இவற்றில் வாரம் ஒன்று கூடுதலாக வாங்குவோம். பழையதை முதலில் எடுத்துச் சமைத்து, புதியதைப் பின்னால் வைத்தால் எதுவும் வீணாகாது. கைக்குழந்தைக்குப் பால்மாவை மறக்கக்கூடாது.

நான்காம் மாதம் டார்ச் விளக்கு, பேட்டரி, சிறிய வானொலி, காயத்துக்குக் கட்டுத்துணி. நீரிழிவு, இரத்த அழுத்தம் உள்ளவர்களின் மருந்து ஒரு வாரத்துக்காவது கையிருப்பில் இருக்கவேண்டும். தண்ணீர் தவிர்ந்த இவற்றையெல்லாம், பத்திரப் பையோடு, மூடியுள்ள ஒரு வாளியில் போட்டு உயரமான இடத்தில் வைப்போம். தூக்கிச் செல்ல எளிது. போன இடத்தில் வாளியும் உதவும். அதில் சில்லறையாகக் கொஞ்சம் பணமும் இருக்கட்டும்.

பொருளுக்கு இணையானது முன்யோசனை. வெள்ளம் வந்தால் எந்த மேட்டுக்குப் போவது, முதியவரை யார் அழைத்துச் செல்வது, பிரிந்துவிட்டால் எங்கே கூடுவது என்பதைக் குடும்பத்தோடு பேசி முடிவு செய்வோம். 999 என்ற எண்ணைப் பிள்ளைகளுக்கு மனப்பாடமாக்குவோம். நீர் வீட்டுக்குள் வருமுன் மின்சார மெயின் சுவிட்சை அடைப்போம். நீரில் நின்றுகொண்டு அதைத் தொடவே கூடாது. ஓடும் நீரில் இறங்கக் கூடாது. அரையடி ஆழமே ஆளைச் சாய்த்துவிடும்.

வெள்ளம் வடிந்த பிறகும் கவனம் தேவை. எலியின் சிறுநீர் கலந்த நீர் காயத்தின் வழியே கடும் காய்ச்சலைத் தரும். பால்வெட்டுக் கத்தி பட்ட கீறலோ செம்பனை முள் குத்திய புண்ணோ இருந்தால் அதை மூடிக் கட்டி, பூட்ஸ் அணிந்தே சேற்றில் இறங்கவேண்டும். குடிநீரைக் கொதிக்கவைத்தே பருகவேண்டும். பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் கண்டால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து அடிக்கடி கொடுத்து, மருத்துவரிடம் அழைத்துச் செல்லவேண்டும்.

நான்கு சம்பளத்தில் வாளி நிறைந்துவிடும். வரும் சம்பள நாளில் பத்திரங்களிலிருந்து தொடங்குவோம்.