புறப்படக் காத்திருக்கும் செய்தி

தில்லியிலிருந்து சென்னைக்கு இரயிலில் வருகின்ற அன்பர்கள் ஒன்றை அறிவார்கள். இடார்சியைக் கடந்து சாத்பூரா மலைப் பகுதிக்குள் வண்டி நுழைந்ததும் கைப்பேசி அடிக்கடி ஊமையாகிவிடும். சில ஆண்டுகளுக்கு முன் அந்தப் பாதையில்தான் நான் ஒரு பாடம் கற்றேன். அப்போது என் தாயார் திருச்சியில் மருத்துவமனையில் இருந்தார். "அறுவைச் சிகிச்சையை இன்றே செய்துவிடலாம் என்கிறார்கள். அண்ணா, நீங்கள் வரும்வரை பொறுக்கச் சொல்லட்டுமா?" என்று தம்பி வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தான். "எனக்காகப் பொறுக்க வேண்டாம், இன்றே செய்யச் சொல்" என்று எழுதினேன். அனுப்பும் குறியைத் தொட்டேன். கடமை முடிந்தது என்று கண்ணை மூடினேன்.

பேதூல் நிலையத்தை நெருங்குகையில் விழித்துப் பார்த்தால், என் செய்தியின் ஓரத்தில் ஒரு சிறு கடிகாரச் சின்னம் நின்றுகொண்டிருந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேலாக என் சொல் என் சட்டைப் பையை விட்டே நகரவில்லை! திருச்சியில் தம்பியோ பதிலுக்காகக் காத்திருந்தான்.

அந்த ஒரு மணி நேரமும் என் செய்தி எங்கே இருந்தது? அதற்கு விடை காண்பதே இப்பேச்சின் நோக்கம். ஊரை விட்டுத் தொலைவில் வாழ்கின்ற நமக்கு இது வெறும் தொழில்நுட்ப வினோதமன்று. பிறப்பும் இறப்பும் பெண் பார்த்தலும் பணம் அனுப்புதலும் இன்று நம்மை இவ்வழியாகவே வந்தடைகின்றன. முன்பு இவற்றிற்குத் தந்தி இருந்தது. அச்சேவை நம் நாட்டில் 2013ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நிறைவு பெற்றது.

உடனடிச் செய்திச் செயலி ஒவ்வொன்றிலும், வெளியே செல்ல வேண்டியவற்றிற்கென ஒரு வரிசை உண்டு. நாம் எழுதிய சொற்களோடு, யாருக்கு உரியது, எத்தனையாவது, எப்போது எழுதப்பட்டது என்னும் குறிப்புகளையும் சேர்த்துச் செயலி ஒரு சிறு பொட்டலமாகக் கட்டுகிறது. அப்பொட்டலம் நேரே வானில் பறந்துவிடுவதில்லை. வரிசையின் கடைசியில் போய் நிற்கிறது. வரிசையின் தலைப்பில் இருப்பதை எடுத்து அனுப்புவதற்கென்றே செயலிக்குள் தனியாக ஒரு பணியாள் இருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அரசு அலுவலகத்தில் பணிபுரிந்த அன்பர்களுக்கு இது புதிதன்று. அதிகாரி கடிதத்தில் கையெழுத்திடுவார், தட்டில் போடுவார், அடுத்த கோப்பைப் பிரிப்பார். கடிதத்தைத் தூக்கிக்கொண்டு அவரே அஞ்சலகத்துக்கு ஓடுவதில்லை. அனுப்புகைப் பிரிவு எழுத்தர் அதற்கு எண்ணிட்டு, பதிவேட்டில் ஏற்றி, உறையிலிட்டு அனுப்புகிறார். அதிகாரியே ஓடுவாரானால் அவர் திரும்பும்வரை அலுவலகம் நின்றுவிடும். அவ்வாறே, எழுதும் வேலையையும் அனுப்பும் வேலையையும் செயலி பிரிக்காவிட்டால், வலை தடைப்படும் ஒவ்வொரு முறையும் திரை உறைந்துபோகும். அடுத்த எழுத்தைக்கூடத் தட்ட இயலாது.

இவ்வரிசையை ஆள்வதில் முதல் விதி, முன் வந்தது முன் செல்ல வேண்டும் என்பது. "அப்பாவுக்கு மார்வலி, புறப்பட்டு வா" என்று ஒரு செய்தி. "மருத்துவர் பார்த்துவிட்டார், வெறும் வாயுத் தொல்லைதான், வர வேண்டாம்" என்று பத்து நிமிடத்தில் மற்றொரு செய்தி. இவை முறை மாறிச் சென்று சேர்ந்தால், மும்பையில் இருக்கும் மகன் அன்றிரவே வண்டியேறிவிடுவான். ஆகவே, முதற் பொட்டலம் சிக்கிக்கொண்டால் அடுத்தது அதைத் தாண்டி ஓடக் கூடாது.

ஆனால் எல்லாப் பொட்டலங்களும் ஒரே தரத்தினவல்ல. "இவர் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறார்" என்று எதிர்முனையில் காட்டுவதும் ஒரு பொட்டலமே. "இணைப்பு உயிரோடு இருக்கிறதா?" என்று நிலையக் கணினியிடம் அவ்வப்போது வினவுவதும் ஒரு பொட்டலமே. எழுதுகிறார் என்ற குறிப்பை ஒரு மணி நேரம் கழித்துச் சேர்ப்பதில் பொருளில்லை. நல்ல செயலி அத்தகைய ஆறிப்போனவற்றை வரிசையிலிருந்து நீக்கிவிடும். மனிதன் எழுதிய சொல்லை மட்டும் நீக்காது.

இரண்டாம் விதி, நிதானம். பின்லாந்து நாட்டில் யார்க்கோ ஓய்க்கரினன் என்பவர் 1988ஆம் ஆண்டில் ஐ.ஆர்.சி. என்னும் உரையாடல் முறையை உருவாக்கினார். அதன் விதிமுறை ஆவணம் 1993இல் வெளிவந்தது. அதில் ஓர் ஏற்பாடு கூறப்பட்டுள்ளது. பயனர் அனுப்பும் ஒவ்வொரு செய்திக்கும் நிலையக் கணினி அவர் கணக்கில் 2 விநாடியை ஏற்றும். அக்கணக்கு நிகழ்நேரத்தைவிடப் 10 விநாடி முந்திவிட்டால், அதற்குமேல் அவருடைய செய்திகளை உடனே கவனிக்காது. காலம் வந்து எட்டும்வரை காக்க வைக்கும். ஆகவே ஏறத்தாழ ஐந்து செய்திகள் விரைந்து செல்லும். பின்னர் இரண்டு விநாடிக்கு ஒன்றுதான் செல்லும். ஒருவரே வெள்ளமாகக் கொட்டி மற்றவர் வாயை அடைத்துவிடாதிருக்கவே இத்தடை. இதை மதியாமல் கொட்டுகின்ற செயலியின் இணைப்பு துண்டிக்கப்படுவதும் உண்டு. ஆதலால் தேர்ந்த செயலி தன் வரிசையைத் தானே அளவாகத் திறந்துவிடுகிறது. மதகில் நீர் விடுவதைப் போல.

மூன்றாம் விதியே யாவற்றினும் தலையாயது. ஒப்புகை வரும்வரை பிரதியை அழிக்கக் கூடாது. பொட்டலத்தைக் கைப்பேசியின் அடிப்படை மென்பொருளிடம் ஒப்படைத்ததும் "அனுப்பியாயிற்று" என்று செயலி நினைத்துவிடலாம். அது கடிதத்தைத் தெருமுனைப் பெட்டியில் போட்டதற்கே சமம். அந்த நொடியில் வண்டி குகைக்குள் புகுந்து இணைப்பு அறுந்தால், பெட்டியில் கிடந்தவை ஒருவருக்கும் தெரியாமல் தொலைந்துபோகும்.

இக்குறையை நீக்க அழகான ஒரு வழி காணப்பட்டிருக்கிறது. ஜெரமி மில்லர் என்னும் அமெரிக்கர் தொடங்கி, 1999இல் உலகுக்கு அறிவித்த ஜாபர் என்னும் முறை, எக்ஸ்.எம்.பி.பி. என்ற பெயரில் 2004இல் பொது விதிமுறையாக வெளியிடப்பட்டது. அதற்கு எழுதப்பட்ட விரிவாக்கங்களுள் 198ஆம் எண்ணுடையது இதைப் பற்றியது. இருபுறமும் தாம் பெற்ற செய்திகளை எண்ணிக்கொண்டே வரவேண்டும். "இதுவரை எத்தனை பெற்றாய்?" என்று செயலி கேட்கும். "பதினான்கு" என்று நிலையக் கணினி விடை தரும். உடனே செயலி முதற் பதினான்கு பொட்டலங்களின் பிரதிகளை அழித்துவிடும். பதினைந்தும் பதினாறும் அனுப்பப்பட்டிருந்தாலும், அவற்றின் பிரதிகள் கையிலேயே இருக்கும். இணைப்பு அறுந்து மீண்டும் கூடும்போது, விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டுகிறது செயலி. அங்கே பதிவாகியிருக்கும் எண்ணைக் கேட்டறிந்து, எஞ்சியதை மட்டும் திரும்ப அனுப்புகிறது. பியூன் புத்தகத்தில் கையொப்பம் வாங்கி வந்த பிறகே பதிவேட்டில் கோடிடுகின்ற எழுத்தரின் ஒழுங்கு இதுவேயன்றோ!

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. செய்தி சென்று சேர்ந்துவிட்டது. ஒப்புகை மட்டும் வழியில் தொலைந்தது என்று கொள்வோம். செயலி அறியாது; மீண்டும் அனுப்பும். "தங்கைக்குக் கட்டணம் கட்ட ஐயாயிரம் அனுப்பு" என்ற செய்தி இருமுறை வந்தால், பெறுகிறவர் பத்தாயிரம் அனுப்பிவிட்டு விழிப்பார். இதைத் தவிர்க்க, ஒவ்வொரு செய்திக்கும் பிறிதொன்றுக்கு இல்லாத தனி அடையாள எண் இடப்படுகிறது. எத்தனை முறை அனுப்பினாலும் எண் மாறாது. அதே எண் மறுபடியும் வந்தால் பெறுகின்ற செயலி அதைக் காட்டாமல் தள்ளிவிடும்.

இனி, வரிசைக்கு ஓர் எல்லையும் வேண்டும். எல்லையில்லாமல் சேர்த்துக்கொண்டே போனால் கருவியின் நினைவகம் நிரம்பிச் செயலியே சாய்ந்துவிடும். எல்லையை எட்டியதும், புதிய செய்தியை ஏற்காமல் எழுதுகிறவரைக் காக்கச் சொல்லலாம். அல்லது அனுப்ப இயலவில்லை என்று வெளிப்படையாக அறிவிக்கலாம். சத்தமின்றி எறிந்துவிடுவது மட்டும் தகாது. வரிசையை நிலையான சேமிப்பிலும் எழுதி வைக்க வேண்டும். இன்றேல் மின்கலம் தீர்ந்து கைப்பேசி அணைந்ததும் காத்திருந்த சொற்கள் யாவும் மறைந்துவிடும்.

மீண்டும் முயல்வதற்கும் ஒரு முறையுண்டு. தொடர்பு கிடைக்காதபோது நொடிக்கு நொடி கதவைத் தட்டுவது மின்கலத்தையும் வீணாக்கும். நிலையக் கணினிக்கும் தொல்லை தரும். ஒரு விநாடி பொறுத்து ஒருமுறை, பின் இரண்டு, நான்கு, எட்டு என்று இடைவெளியை இரட்டித்துக்கொண்டே போவது வழக்கம். அதிலும் ஒவ்வொரு கருவியும் சிறிது முன்பின்னாகத் தட்டும்படி செய்வார்கள். பழுதுற்ற நிலையம் சீரானதும் எல்லாக் கருவிகளும் ஒரே நொடியில் பாய்ந்தால், பொங்கலுக்கு முதல்நாள் இரயில் நிலையத்தில் காணும் நெரிசல் அங்கும் உண்டாகிவிடும்.

இவ்வளவும் திரைக்குப் பின்னால் நடப்பவை. திரையில் நமக்குத் தெரிவன சில சின்னங்களே. வாட்ஸ்அப் செயலியில் கடிகாரம் தெரிந்தால், செய்தி இன்னும் உங்கள் கைப்பேசியின் வரிசையிலேயே இருக்கிறது. ஒற்றைக் குறி, நிலையக் கணினி பெற்றுக்கொண்டது என்பதற்கு அடையாளம். இரட்டைக் குறி, எதிர்முனைக் கைப்பேசியை அடைந்தது என்பதற்கு. 2014ஆம் ஆண்டு நவம்பரில் வந்த நீல நிறம், செய்தி படிக்கப்பட்டது என்பதற்கு. பெறுகிறவர் அவ்வசதியை நிறுத்தி வைத்திருந்தால் நீலம் தோன்றாது. ஒற்றைக் குறியோடு நின்ற செய்தியை அந்நிறுவனம் தன் கணினிகளில் 30 நாள் வரை காத்து வைக்கும். அதற்குள்ளும் சேர்க்க இயலாவிட்டால் நீக்கிவிடும்.

இதிலிருந்து நாம் கொள்ளத் தக்கவை சில. கடிகாரத்தைக் கண்டதும் அதே செய்தியை மறுபடி மறுபடி எழுதாதீர்கள். புதிதாக எழுதும் ஒவ்வொன்றும் தனி எண் பெற்றுத் தனிச் செய்தியாகவே சென்று சேரும். காத்திருக்கும் செய்திகள் உள்ளபோது செயலியை நீக்கி மீண்டும் நிறுவாதீர்கள்; வரிசையும் அதனோடு போய்விடும். "நாளைக்கு வா" என்று எழுதாமல், நாளையும் கிழமையையும் குறிப்பிட்டு எழுதுங்கள். தாமதமாய்ச் சேர்ந்தாலும் பொருள் மாறாது. உயிர் தொடர்பான செய்தியாயின் இரட்டைக் குறி விழும்வரை பாருங்கள். விழாவிட்டால், தொடர்பு கிடைத்த முதல் இடத்தில் தொலைபேசியில் அழைத்துவிடுங்கள்.

அன்று பேதூலில் தொடர்பு மீண்டது. கடிகாரம் மறைந்து ஒரு குறி தோன்றியது; அடுத்த கணமே இரண்டாயிற்று. அதோடு நில்லாமல் தம்பியை அழைத்தேன். "இப்போதுதான் வந்தது அண்ணா, உள்ளே போய்ச் சொல்லிவிடுகிறேன்" என்றான். அன்று மாலையே அறுவைச் சிகிச்சை நடந்தது. தாயார் நலம் பெற்றார். செயலி தன் கடமையில் தவறவில்லை. என் சொல்லை ஒரு மணி நேரம் பத்திரமாக வைத்திருந்து, வழி திறந்ததும் கொண்டு சேர்த்தது. இன்னும் போகவில்லை என்று கடிகாரத்தைக் காட்டி எனக்கு உரைக்கவும் செய்தது. பாராமல் கண்ணை மூடியவன் நான்தான்.