கிணற்று நீரில் எண்ணெய்

மாத்தளைக் கமக்காரர்களே! யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் மின் நிலையத்துக் கழிவெண்ணெய் நிலத்துள் இறங்கி அயற் கிணறுகளைக் கெடுத்தது. 2019ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம், மின் உற்பத்திக் கம்பெனி இரண்டு கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டுமெனக் கட்டளையிட்டது. ஆயினும், பாறை வெடிப்பினுள் பரவிய எண்ணெயைப் பணங்கொண்டு இறைத்துவிட இயலாது.

மாத்தளையின் வன்பாறையிலும் நீர் வெடிப்புக்களிலேயே தங்குகின்றது. ஆதலால் எரிபொருட் களஞ்சியம், வாகனத் திருத்தகம் ஆகியவற்றுக்கு அயலிலுள்ள வயற் கிணறுகளை அடிக்கடி பார்த்து வருதல் நன்று. நீர்மேற் படலம் காணின் தடியாற் கலக்குக. துண்டு துண்டாக உடைந்தால் அது பெரும்பாலும் இரும்புப் படலம். மீண்டும் ஒன்றுகூடினால் எண்ணெயென ஐயுறலாம். அந்நீரைக் குடியாதும் மரக்கறிக்குப் பாய்ச்சாதும் நிறுத்தி, பிரதேச செயலகத்துக்கும், தேசியச் சுற்றாடற் சட்டத்தின்படி மேற்பார்வைக் கடமையுள்ள மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கும் எழுத்தில் அறிவித்தல் வேண்டும். நீரிறைக்கும் இயந்திரத்தின் பழைய எண்ணெயைக் கிணற்றோரத்தில் ஊற்றுவோர் நம்மவரிலும் உளர்.