பச்சைச் சளி என்றால் ஆன்டிபயாடிக்கா?

மூக்கைச் சிந்தும்போது சளி பச்சையாக வந்துவிட்டால் போதும், மருந்துக்கடைக்குப் போய் “அஞ்சு நாள் ஆன்டிபயாடிக் குடுங்க” என்று கேட்டு வாங்கிவிடுகிறோம். அந்தப் பச்சை கிருமியின் நிறமல்ல. தொற்றை எதிர்க்க ஓடிவரும் வெள்ளை அணுக்களில் மைலோபெராக்சிடேஸ் என்ற நொதி இருக்கிறது. அதன் நிறமே பச்சை. சாதாரண ஜலதோஷத்திலும் இரண்டு மூன்று நாள் கழித்துச் சளி கெட்டியாகிப் பச்சையாவது வழக்கம்தான். ஜலதோஷம் வைரஸால் வருவது. அதனிடம் ஆன்டிபயாடிக் பலிக்காது.

நாட்களைத்தான் எண்ண வேண்டும். ஜலதோஷம் பெரும்பாலும் பத்து நாளுக்குள் தணிந்துவிடும். பத்து நாள் கடந்தும் சளி குறையவில்லை, தேறிவந்த உடம்பு மறுபடி மோசமாகிறது, கடும் காய்ச்சலோடு கன்னமும் நெற்றியும் வலிக்கின்றன என்றால் சைனஸில் பாக்டீரியா புகுந்திருக்கலாம். அப்போது மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

காலையில் எழுந்ததும் அடுக்கடுக்காகத் தும்மல், கண்ணிலும் மூக்கிலும் அரிப்பு, தண்ணீராக ஒழுகும் மூக்கு என்றால் அது பெரும்பாலும் ஒவ்வாமை. மெத்தையிலும் தலையணையிலும் வாழும் தூசிப்பூச்சி முக்கியக் காரணம். இதற்கு மருத்துவர் தரும் ஸ்டீராய்டு ஸ்பிரே முழுப் பலன் தர ஓரிரு வாரம் ஆகும். மூன்றே நாளில் ‘கேட்கவில்லை’ என்று தூக்கிப்போடுகிறவர்கள்தான் அதிகம். அடிக்கும்போது முனையை மூக்கின் நடுத்தண்டின் பக்கம் காட்டாமல் காதுப் பக்கமாகச் சாய்க்க வேண்டும். இல்லாவிட்டால் ரத்தம் கசியலாம்.

அடைப்பை நொடியில் திறக்கும் சொட்டு மருந்து வேறு ரகம். ஆக்ஸிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் இரண்டும் மூக்கின் ரத்தநாளங்களைச் சுருக்குபவை. சில நாளுக்குமேல் தொடர்ந்தால், மருந்தின் வேகம் தணிந்ததும் முன்பைவிட மோசமாக அடைத்துக்கொள்ளும். மறுபடி சொட்டு, மறுபடி அடைப்பு. தலையணைக்கடியில் அந்தக் குப்பி இல்லாமல் தூங்க முடியாதவர்கள் எத்தனை பேர்! மருந்தே அங்கே நோயாகிவிட்டது என்பதை யாரும் அவர்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

செலவில்லாத நல்ல வைத்தியம் உப்புநீரால் மூக்கைக் கழுவுவது. கால் லிட்டர் நீருக்கு அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவான உப்பு போதும். ஆனால் நீர் நன்றாகக் கொதித்து ஆறியதாக இருக்க வேண்டும். குழாய்நீர் கூடவே கூடாது. கேரளத்தில் 2024-ல் சிறுவர்களின் உயிரைப் பறித்த மூளைத்தின்னி அமீபா மூக்கு வழியாகத்தான் உள்ளே போகிறது. ஆவி பிடித்தால் கொஞ்சம் இதமாக இருக்கும், அவ்வளவே. குழந்தைகளைக் கொதிநீர்ப் பாத்திரத்தின் அருகே உட்கார வைக்காதீர்கள்.

ஒரு துவாரத்தில் மட்டும் ஒழுகினால் அலட்சியம் வேண்டாம். குழந்தைக்கு ஒருபக்கம் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால் உள்ளே மணியோ புளியங்கொட்டையோ மாட்டியிருக்கலாம். பொம்மையின் பட்டன் பேட்டரியாக இருந்தால் சில மணி நேரத்திலேயே சதையை அரித்துவிடும். உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.