வீட்டுக்கு வந்த வகுப்பறை

சென்ற ஆண்டு ஒரு நாள் மாலை. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் அக்கா, வீட்டிலுள்ள ஒரே ஸ்மார்ட் போனைச் சுவரில் சாய்த்து வைத்துப் பாடம் கேட்டுக்கொண்டிருந்தாள். பேராசிரியர் ஒரு கணக்கைப் பாதி வரை விளக்கியிருந்தார். அப்போது அப்பாவுக்கு ஓர் அழைப்பு வந்தது. பாடம் நின்றது. அக்கா நோட்டை மூடிவிட்டு அடுக்களைக்குச் சென்றாள். அந்தப் பாடத்தை அவள் மீண்டும் திறக்கவே இல்லை. ஆனால் அடுத்த பருவத்தில் வேறோர் ஆன்லைன் பாடத்தில் சேர்ந்து, அதை முழுமையாக முடித்துத் தேர்ச்சியும் பெற்றாள். அதே அக்கா, அதே போன். முதலில் ஏன் விட்டாள்? பிறகு எப்படி முடித்தாள்? இக்கேள்விகளுக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

ஆசிரியர் ஓரிடத்திலும் மாணவர் வேறிடத்திலும் இருந்து படிப்பது புதியதன்று. டில்லிப் பல்கலைக்கழகம் 1962-ஆம் ஆண்டிலேயே அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. அன்று தபால்காரர் சுமந்து வந்த பாடத்தை இன்று இணையம் சுமந்து வருகிறது. ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இணைந்து 2003-இல் 'என்பிடெல்' என்னும் திட்டத்தைத் தொடங்கின. 2017-இல் மத்திய அரசு 'ஸ்வயம்' என்னும் இணையத் தளத்தைத் திறந்தது. ஒரு மாணவர் ஒரு பருவத்துப் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் வழியாகப் படிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2021-இல் விதி வகுத்தது.

என்பிடெல் பாடங்கள் நடைபெறும் முறை எளியது. வாரந்தோறும் சில ஒளிப்படப் பாடங்கள் வரும். அவற்றையொட்டி வீட்டுப் பயிற்சியும் வரும். குறித்த நாளுக்குள் விடைகளை அனுப்ப வேண்டும். இறுதித் தேர்வை மட்டும் தேர்வு மையத்துக்கு நேரில் சென்று எழுத வேண்டும். பயிற்சிகளுக்கு 25 மதிப்பெண்; தேர்வுக்கு 75. பாடம் கேட்கக் கட்டணமில்லை. தேர்வு எழுதுவதற்கே கட்டணம்.

கல்லூரி மாணவர்கள் இதனை ஏன் விரும்புகிறார்கள்? தம் கல்லூரியில் இல்லாத பாடத்தையும் இதில் படிக்கலாம். சிற்றூர் மாணவியும் சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியரின் விளக்கத்தைக் கேட்கலாம். வகுப்பில் மறுபடி கேட்க வெட்கப்படுபவர், இங்கே அதே பாடத்தைப் பத்து முறை ஓடவிட்டாலும் முகம் சுளிப்பார் யாருமில்லை. பகலில் வேலைக்குச் செல்பவர் இரவில் படிக்கலாம். விடுதிச் செலவும் பேருந்துச் செலவும் மிச்சம். வேலை தேடும்போது கூடுதலாக ஒரு சான்றிதழும் கையில் இருக்கும்.

இத்தனை நன்மைகள் இருந்தும் பலர் ஏன் தயங்குகிறார்கள்? ஐயம் எழுந்தால் அந்த நொடியே கேட்க முடியாது. முகம் வாடியதைக் கண்டு, "புரியவில்லையா?" என்று கேட்கும் ஆசிரியர் அங்கில்லை. ஆய்வுக்கூடத்தில் கையால் செய்து பழக வேண்டியதைத் திரையில் கண்டால் மட்டும் போதாது. மருத்துவம், செவிலியர் கல்வி போன்ற பட்டங்களை முழுக்க இணையவழியில் பெற விதிகள் இடந்தருவதில்லை. அதற்குக் காரணமும் இதுவே. பெரும்பாலான பாடங்கள் ஆங்கிலத்தில் இருப்பதும் தமிழ்வழியில் படித்தவர்க்கு ஒரு தடையே. எல்லாவற்றிலும் பெரிய தடை ஒன்று உண்டு. 'எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம்' என்பது வெகு விரைவில் 'நாளைக்குப் படிக்கலாம்' என்று ஆகிவிடுகிறது!

2012-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், மின்சுற்றுகள் பற்றிய ஒரு பாடத்தை உலகுக்கே இலவசமாக நடத்தியது. ஏறக்குறைய 1,55,000 பேர் பதிவு செய்தனர். சான்றிதழ் பெற்றவர்களோ 7,157 பேர்தாம். முழு மதிப்பெண் பெற்ற சிலருள் மங்கோலியாவைச் சேர்ந்த 15 வயது மாணவர் ஒருவரும் இருந்தார். அவருக்கு என் வயது! அவரைப் பற்றிப் படித்தபோது முதலில் வியந்தேன். மேலும் படித்தபோதுதான் உண்மை விளங்கியது. அதே கழகத்தில் பட்டம் பெற்றவரான அவருடைய பள்ளி முதல்வரே அப்பாடத்தைத் தம் மாணவர்களுக்கு ஏற்பாடு செய்திருந்தார். செய்முறை கற்பிக்க, கருவிகளுடன் ஒருவரை வெளிநாட்டிலிருந்தும் வரவழைத்திருந்தார். அம்மாணவர் திறமைசாலி என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர் தனியாகப் படிக்கவில்லை.

என் அக்காவின் கதையும் இதுவே. இரண்டாம் முறை அவளுடன் வகுப்புத் தோழியர் இருவரும் அதே பாடத்தில் சேர்ந்தனர். சனிக்கிழமைதோறும் கல்லூரி நூலகத்துக் கணினியின் முன் மூவரும் கூடினர். ஒருத்திக்குப் புரியாததை மற்றொருத்தி விளக்கினாள். மூவருக்குமே புரியாததை அவர்களுடைய விரிவுரையாளரிடம் கேட்டனர். பயிற்சிக்குரிய நாள் நெருங்கினால் ஒருவரையொருவர் விரட்டினர். தேர்வு நாளன்று மூவரும் ஒரே பேருந்தில் சென்றனர். மூவரும் தேறினர்.

தோழியரே, இதை நான் எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், "பாடமெல்லாம் போனிலேயே வருகிறதாமே, பெண்பிள்ளை எதற்குக் கல்லூரிக்குப் போக வேண்டும்?" என்று பேசக் கேட்டேன். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. 2019–21-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இணையத்தைப் பயன்படுத்தியிருந்த ஆண்கள் நூற்றுக்கு 57 பேர். பெண்களோ 33 பேரே. கல்லூரி வாயிலை அடைத்துவிட்டு, கையில் போனும் தராமல், 'வீட்டிலிருந்தே படி' என்றால் அது கல்வியாகுமா? திருமணமாகி, குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு, விட்ட படிப்பைத் தொடரும் ஒரு பெண்ணுக்கு இணையவழிப் பாடம் பெரும் வரமே. ஆனால் அது அவளே விரும்பி ஏற்றதாக இருத்தல் வேண்டும்.

ஆகவே, இணையவழிப் பாடம் நல்லதா கெட்டதா என்று கேட்பதில் பயனில்லை. படிப்பவருக்குத் துணை உண்டா என்று கேட்பதே முறை. ஓர் ஆசிரியர், இரண்டு தோழியர், வாரத்தில் ஒரு குறித்த நேரம்: இவை இருந்தால் திரையில் வரும் பாடம் மனத்தில் நிற்கும். இல்லையேல் அன்று மாலை அக்கா மூடிய நோட்டைப் போல அது மூடியே கிடக்கும். நாளை நாமும் கல்லூரிக்குச் செல்வோம். அப்போது ஆன்லைன் பாடத்தில் சேரும் முன், உடன் படிக்க ஒரு தோழியைத் தேடிக்கொள்வோம். தனியே தவிக்கும் ஒருத்திக்கு நாமே அத்தோழியாகவும் இருப்போம்.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி