கல்யாணப் பெண்ணோடு போக வேண்டிய ஃபைல்

என் நாத்தனார் மகளுக்கு 7 வயதில் ரத்தப் புற்றுநோய் வந்து, பூரணமாகக் குணமாயிற்று. இப்போது வயது 26, நாலு மாதம். "பழைய கதையைக் கிளறாதே" என்று பெரியவர்கள் வாயைக் கட்டியதில், பிரசவம் பார்க்கும் டாக்டரம்மாவிடம்கூடச் சொல்லவில்லையாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது!

ஏன் தெரியுமா, சகோதரிகளே? அன்று அவளுக்கு ஏற்றிய மருந்துகளில் டாக்ஸோரூபிசின் என்று ஒன்று. செக்கச் செவேலென்று இருக்கும். உயிரைக் காத்த அதே மருந்து, ஏற்றிய அளவைப் பொறுத்து, சிலருக்குப் பல வருஷம் கழித்துக்கூட இதயத் தசையைத் தளர்த்திவிடும். கர்ப்பத்திலோ இதயத்துக்கு வேலை ஜாஸ்தி. ஆகவே ஆரம்பத்திலேயே ‘எக்கோ’ எடுத்துப் பார்த்துவிட வேண்டும். சிறு வயதில் மார்பில் கதிர்வீச்சு வாங்கிய பெண்கள் என்றால், மார்பகப் பரிசோதனைக்கு 40 வயதுவரை காத்திருக்கக் கூடாது. 25 வயது, அல்லது கதிர்வீச்சுக்குப் பின் 8 வருஷம், இதில் எது பிந்தி வருகிறதோ அப்போதே தொடங்கச் சொல்கிறார்கள்.

நகைப் பெட்டிக்கு அடியில் கிடந்த ஃபைலோடு அவளை அழைத்துப் போனேன். மருந்தின் பெயர், மொத்த அளவு, தேதி எல்லாம் அதில் இருந்தன. டாக்டரம்மா உடனே எக்கோவுக்கு எழுதினார். இதயம் நன்றாகவே இருக்கிறது. பிரசவத்துக்கு முன் மறுபடி பார்க்க வேண்டுமாம். மாப்பிள்ளையிடம் அவளே சொன்னாள். "இதையா மறைத்தீர்கள்?" என்றாராம். ஃபைல் இப்போது அவர் பொறுப்பில்.